முள்ளுக்காரர் போட்ட மார்க்கு

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் உள்ள மலைகளில் சூரியனை நேருக்கு நேர் நின்று திட்டிய மனிதர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் காலையில் எழுந்து அதைக் கும்பிட்டார்கள், மழைக்காலத்தில் மறந்துவிட்டார்கள். இவர் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "ஏய்யா, வர்றியா இல்லையா? இங்க ஒரு கல்யாண வீடே காத்துக்கிட்டு நிக்கிது" என்று கேட்பார். ஒரு மணி நேரம் கழித்துச் சூரியன் எட்டிப் பார்த்தால், "வருது பாருங்க, தொரை ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்கு வர்ற மாதிரி" என்பார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஹட்டன் பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் படம் பிடிக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஆனால் ஸ்டூடியோவில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் சாத்திக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்துகொண்டே இருப்பார். கழுத்தில் சப்பாத்துக் கயிற்றில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி தொங்கும். அந்தப் பெட்டியில் ஒரு முள் இருந்தது. அதனால் அவர் முள்ளுக்காரர்.

சுதந்திரம் வந்த பிறகு சீமைக்குத் திரும்பிய ஒரு துரை பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டபோது, ஆளாளுக்குக் கட்டில், நாற்காலி, கிராமபோன் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். இவர் இந்தப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். அது வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி கட்டம் போட்ட கண்ணாடி. இன்னொரு பக்கம் இருபது வரைக்கும் எண்கள், ஒரு மெல்லிய முள். கண்ணாடியை யாருடைய முகத்துக்கு நேராகப் பிடித்தாலும் அங்கிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஏற்ப முள் எழும்பும். அவருடைய பழைய காமிராவுக்கு ஆறாவது இருக்க வேண்டும். முள் ஆறைத் தொடாவிட்டால் கவர்னர் ஜெனரலே வந்து உட்கார்ந்தாலும் அவர் காமிராவைத் தொடமாட்டார்.

எங்கள் ஊரிலோ வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டம். பிறகு கேட்க வேண்டுமா! காலை ஆறு மணி முகூர்த்தத்துக்குத் தாலி கட்டிய மாப்பிள்ளையும் பெண்ணும் பிற்பகல் இரண்டு மணிவரை மாலையும் கழுத்துமாக நிற்பார்கள். பந்தி முடிந்து, ஐயர் போய், வாழை மரத்தைக்கூட அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, "நாலு... நாலர... அட, மறுபடி நாலு" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு தோட்டத்தில் பெரிய கங்காணி இறந்துபோனார். பிணத்தோடு குடும்பமே நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது அப்போது வழக்கம். அன்றைக்கு மூட்டமான மூட்டம். பாடையைத் தூக்குவதும், "கொஞ்சம் எறக்குங்க, முள்ளு அசையிற மாதிரி இருக்கு" என்று இவர் கத்துவதும், அவர்கள் இறக்குவதுமாக மூன்று தடவை ஆகிவிட்டது. கடைசியில் கங்காணியின் மருமகன், "உசுரோட இருக்கப்ப மாமா எங்களோட இவ்வளவு நேரம் உக்காந்ததே இல்லீங்க" என்றாராம். எழவு வீடே சிரித்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில் வெயில் வந்துவிட, முள்ளுக்காரர் படம் எடுத்துவிட்டார். அந்தப் படத்தில் பிணத்தைத் தவிர எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு பஸ்ஸில். நான் அப்போது எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். வயது இருபது. ஹட்டனிலிருந்து திரும்பும்போது பஸ் சூடேறி மலையேற மாட்டேன் என்று நின்றுவிட்டது. டிரைவர் ஓடையில் தண்ணீர் மொள்ளப் போய்விட்டார். பொழுது போகாத ஒரு கங்காணி முள்ளுக்காரரின் கழுத்தைப் பார்த்து, "இதுக்கு மாசம் எத்தன பட்டரி தின்னும்?" என்று கேட்டார்.

"பட்டரியே கெடையாதுங்க."

"சாவி குடுக்கணுமா?"

"அதுவும் இல்ல. இதுக்குப் பட்டரி அந்தா மேல இருக்குதே, அந்தச் சூரியன்."

பஸ்ஸில் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள். முள்ளுக்காரர் எழுந்து நின்றுகொண்டார். இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவர் பிறந்ததிலிருந்து காத்திருந்தார் என்று தோன்றியது.

"இந்தக் கண்ணாடிக்குப் பின்னால ஒரு இரும்புத் தகடு. அது மேல செலினியம்னு ஒரு சாமான், ரொட்டியில பட்டர் தடவுன மாதிரி லேசா. அதுக்கும் மேல வெளிச்சம் ஊடுருவுற மாதிரி மெல்லிசா ஒரு உலோகப் பூச்சு. அந்தச் செலினியத்துக்குள்ள எலெக்ட்ரான்னு பொடிப்பொடி ஆளுங்க குடியிருக்காங்க, நாம லயத்துல வரிசை வீடுங்கள்ல இருக்கமே, அப்புடி. இருட்டுல எல்லாம் நல்ல தூக்கம்."

"பொறகு?"

"விடியக்காலம் பெரட்டுக்குத் தப்புக் கொட்டுனா நம்ம ஆளுங்க எப்புடி எந்திரிச்சு ஓடுறாங்க? அதே மாதிரி வெளிச்சம் வந்து விழுந்தா இவங்க முழிச்சுக்கிட்டு மேல அந்தப் பூச்சுக்கு ஓடியாந்துருவாங்க. வந்தாங்களா? வந்த வாசல்லயே திரும்பிப் போக ஏலாது. செலினியத்துக்கும் பூச்சுக்கும் நடுவுல ஒரு வாச்சர் நிக்கிறான். வெளிய விடுவான், உள்ள விடமாட்டான்."

"அப்ப வீட்டுக்கு எப்புடித்தான் போறது?" கங்காணிக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது.

"சுத்து ரோட்டுல! கம்பி வழியா சுத்திக்கிட்டுப் போயி, அடியில இருக்க இரும்புத் தகட்டுல ஏறித்தான் வீட்டுக்குப் போகணும். அந்த ரோட்டு நடுவுலதான் நம்ம முள்ளு நிக்கிது. போறவங்க ஆளுக்கு ஒரு தள்ளு தள்ளிட்டுப் போறாங்க. வெயிலு கூடுனா கூட்டம் கூடும், கூட்டம் கூடுனா முள்ளு மேல ஏறும். இந்த ஓட்டத்துக்குப் பேருதாங்க கரண்டு. எல்லாரும் வீட்டுக்கே திரும்பிப் போயிடறதால ஒரு ஆளும் கொறையாது. அதான் பட்டரி வேணாம்."

கங்காணி கொஞ்சம் யோசித்தார். "இம்புட்டுப் பேரு நாள் முழுக்க ஓடுறாங்களே, சம்பளம் உண்டா?"

"சம்பளமெல்லாம் கெடையாதுங்க."

"அப்ப அங்கயும் ஒரு சங்கம் வைக்க வேண்டியதுதான்!" என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் சத்தம் போட, பஸ் குலுங்கியது. தண்ணீரோடு வந்த டிரைவர், வண்டி தானாகக் கிளம்பிவிட்டது என்று பயந்து ஓடிவந்தார்.

நான் சிரித்தேன். ஆனால் டீச்சர் பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு பக்கம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பிற்பாடு முப்பது வருஷம் வகுப்பில் தப்பு, வாச்சர், சுற்று ரோடு என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு இன்ஸ்பெக்டர் என்னை முறைத்தார். பிள்ளைகள் யாரும் தவறாக எழுதவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. படம் எடுக்கும்போது முள் எங்கே நின்றதோ அந்த எண்ணைப் படத்தின் பின்பக்க மூலையில் பென்சிலால் எழுதிவிடுவார். எந்த வெளிச்சத்தில் எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வதற்காக அவர் தனக்காகவே எழுதிக்கொண்ட குறிப்பு அது. பாவம், அந்தப் பென்சில் குறிப்பு மலையைப் புரட்டிப் போடும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

புரட்டிப் போட்டவர் குடைத் தரகர். வெயிலானாலும் மழையானாலும் குடையை விரிக்காமல் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு கல்யாணம் பேசித் திரிந்த மனிதர். ஒரு நாள் அவர் கையில் ஒரு கடைக்கார முதலாளி மகளின் படம் இருந்தது. நல்ல சிவப்பான பெண். பின்பக்கம் திருப்பினால் 13. அதே பையில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணின் படம். கறுப்பு. பின்பக்கம் 7. குடைத் தரகருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. முகத்துக்கு நேராகப் பெட்டியைப் பிடிக்கிறார், முள் ஏறுகிறது, எண் எழுதுகிறார். இது அழகுக்குப் போடும் மார்க்கு இல்லாமல் வேறு என்ன?

மொத்தம் எத்தனைக்கு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். தரகர் கொஞ்சமும் தயங்காமல் பதினைந்துக்கு என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் பக்கம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. சாதகத்தை யாரும் கேட்கவில்லை. "முள்ளு எத்தன?" என்பதுதான் முதல் கேள்வி. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே பெண்கள், "ஏன்டி, மேல் லயத்துச் செவனம்மா பதினொண்ணாமே" என்று பேசிக்கொண்டார்கள். படம் எடுக்கப் போகிற பெண்ணின் முகத்தில் தாய்மார்கள் பவுடரை மழையாகக் கொட்டினார்கள். பவுடர் தீர்ந்துபோன ஒரு வீட்டில் ரொட்டி மாவையே பூசிவிட்டார்கள். படம் எடுக்கும் நேரத்தில் தூறல் விழுந்து முகத்திலேயே மாவு பிசைந்த கதையாகிவிட்டதாகக் கேள்வி. ஒரு அப்பா முள்ளுக்காரரிடமே போய், "நம்ம புள்ளைக்கு எட்டுப் போட்டிருக்கீங்க. பாத்து ஒரு ரெண்டு கூட்டிப் போடுங்க, புண்ணியமாப் போகும்" என்றாராம். இன்னும் நல்ல வெயிலில் எடுக்கச் சொல்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

இதில் பெரிய கூத்து, முள்ளுக்காரருக்கு ஒன்றுமே தெரியாததுதான். சனங்களுக்குத் திடீரென்று வெளிச்ச சாஸ்திரத்தில் ஆர்வம் வந்துவிட்டது என்று அவர் பூரித்துப் போனார். யாரைப் பார்த்தாலும், "நம்ம ஆளுங்கள ஒண்ணும் தெரியாதவங்கன்னு சொல்றாங்களே! முள்ளு எத்தனன்னு கேட்டுட்டுத்தான் இப்பல்லாம் படத்தையே கையில வாங்குறாங்க" என்று பெருமையடித்தார். பென்சிலை விட்டுவிட்டு எண்களை மையால் பெரிதாக எழுத ஆரம்பித்தார். வட்டம் வேறு போட்டார்.

இனி என் கதை. மாதாமாதம் ஹட்டனில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் எனக்கும் சிவலிங்கம் என்ற ஒரு மாஸ்டருக்கும் பழக்கமாகி, கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்களே முடிவெடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் பொகவந்தலாவைப் பக்கத்து ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் இதை வெளியில் சொல்ல முடியுமா? எல்லாம் தரகர் மூலமாக, யாரென்றே தெரியாததுபோல நடக்க வேண்டும். சிவலிங்கம் குடைத் தரகரிடம் போய், "எனக்கு ஒரு டீச்சர் பொண்ணாப் பாருங்க. இந்த மேல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இருந்தாக்கூடப் பரவாயில்ல. பாக்கியம்னு பேரா இருந்தாக்கூடப் பரவாயில்ல" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவு சாமர்த்தியசாலி.

தரகர் என் படத்தைக் கேட்டார். முள்ளுக்காரர் வந்தார். ஆனி மாத மூட்டத்தில் பள்ளிக்கூட வாசலில் இரண்டரை மணி நேரம் என்னை நிற்கவைத்து, முள் ஆறைத் தொட்ட அந்த நொடியில் எடுத்தார். படம் நன்றாகத்தான் இருந்தது. நான் கறுப்பு. அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. படத்தின் பின்னால் மையால், வட்டத்துக்குள், 6.

சிவலிங்கத்தின் அம்மா படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆறா? பாஸே பண்ணலையே! டீச்சர்னு வேற சொல்றீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதிமூன்று வாங்கிய கடைக்கார முதலாளி மகளையே பேசி முடிக்கச் சொல்லித் தரகரை அனுப்பியும் விட்டார். அந்த அம்மா சின்ன வயதில் புருஷனை இழந்து, கொழுந்து எடுத்தே மகனை மாஸ்டராக்கியவர். அம்மாவை மீறி ஒன்றும் செய்யமாட்டேன் என்று சிவலிங்கம் முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். அந்தக் குணத்துக்காகத்தான் எனக்கு அவரைப் பிடித்தது. இப்போது அந்தக் குணமே என் தலையில் விழுந்தது. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. நேரே ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன்.

முள்ளுக்காரர் மாடியில் ஈரப் படங்களைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்! முள்ளு எத்தனன்னு அந்த வீட்டுல கேட்டாங்களா?" என்று முகமெல்லாம் சந்தோஷமாகக் கேட்டார்.

"கேட்டாங்க. நல்லா கேட்டாங்க. ஒங்க முள்ளால என் கல்யாணம் நின்னு போச்சுண்ணே" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அழகு மார்க்கு, பதினைந்துக்கு, பவுடர், ரொட்டி மாவு, ஒன்றையும் விடவில்லை.

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கையிலிருந்த ஈரப் படம் சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்திலிருந்த மீட்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தக் கழுத்தை அது இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரொம்ப மெலிந்த கழுத்து.

"அப்ப யாருக்கும் வெளிச்சத்தப் பத்தி அக்கற இல்லையா?" என்றார்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் பாடு எனக்கு. "அண்ணே, அந்த ஆற அழிச்சுட்டுப் பதினாலுன்னு எழுதிக் குடுங்க. ஒங்களால கெட்டது, நீங்கதான் சரி பண்ணணும்."

"முள்ளு சொல்லாதத நான் எழுதினதே இல்ல டீச்சர்."

"ஒரு தடவ எழுதுனா என்ன? குடியா முழுகிப் போகும்?"

"எழுதுனா, அந்தம்மா நெனைக்கிறதுதான் சரின்னு நானே கையெழுத்துப் போட்டதா ஆயிரும். நாளைக்கு இன்னொரு புள்ளைக்கு ஆறு வரும். அது யாருகிட்ட போயி அழும்?"

பதில் தெரியாதபோது நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன். பேசினேன். கல்நெஞ்சக்காரர் என்றேன், ஏலத்தில் கட்டிலை வாங்கியிருந்தால் நாலு பேர் தூங்கவாவது உதவியிருக்கும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை அந்தம்மாவ ஒருக்கா ஒங்க வீட்டுக்கு வரவைக்க முடியுமா? முள்ளுக்காரரே நேர்ல வந்து மார்க்குப் போடுறாராம்னு சொல்லச் சொல்லுங்க" என்றார்.

சிவலிங்கம் எப்படியோ தன் அம்மாவைச் சம்மதிக்க வைத்தார். "நேர்ல பாத்து, மார்க்கு ஏறலைன்னா, அதோட வேணாம்னு சொல்லிருங்க. நானும் மறு பேச்சுப் பேசமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அதாவது என் வாழ்க்கை முழுவதும் இப்போது அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எங்கள் வீடு லயத்தில் ஒரே அறையுள்ள ஒரு காம்பரா. குளிருக்குப் பயந்து ஜன்னலில் தகரம் அடித்திருக்கும். அடுப்புப் புகை வேறு. அம்மாவும் மகனும் தரகரும் பாயில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா நிஜமாகவே நல்ல சிவப்பு. நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு நின்றேன். என் அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளுக்காரர் மீட்டரோடு உள்ளே வந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

"அம்மா, மார்க்குப் போட்டுருவமா?"

"போடத்தானே வந்திருக்கேன்" என்றார் அந்த அம்மா.

என் முகத்துக்கு நேராக மீட்டரைப் பிடித்தார். "சைபர்" என்று சத்தமாகச் சொன்னார். என் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தரகர் உச்சுக்கொட்டினார். இந்த ஆளை நம்பி இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டேனே என்று இருந்தது.

முள்ளுக்காரர் அடுத்துச் சிவலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளையும் சைபர்." தரகரின் பக்கம் திரும்பினார். "நீங்களும் சைபர்தாங்க." பிறகு அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றார். அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்து, தலையை நிமிர்த்தி, வாயைக் குவித்துக்கொண்டார்.

"அம்மாவும் சைபர்."

"என்னது?" அந்த அம்மா பாயிலிருந்து துள்ளி எழுந்தார். "நானா சைபரு? ஏங்க படக்காரரே, எட்டு லயத்துலயும் என்னையத்தான் செவப்பின்னு கூப்புடுவாங்க! ஒங்க பெட்டி கெட்டுப் போச்சு!"

"பெட்டி கெடலீங்க. இங்க இருட்டுங்க. லயத்துக்குள்ள இருந்தா எல்லாரும் சைபர்தான். வெளிய வாங்க, ஒங்களுக்கே போட்டுக் காட்டுறேன்."

வெளியே வந்தால் மூட்டம். முள் நாலில் நின்றது. "நாலா?" என்றார் அந்த அம்மா. "நாலோட நான் வீட்டுக்குப் போகமாட்டேன்." வாசலில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னை மறந்துவிட்டார், சம்பந்தத்தை மறந்துவிட்டார். அவருக்குத் தன் மார்க்கு தெரிய வேண்டும். நான் இரண்டு தடவை தேத்தண்ணி ஊற்றினேன். முள்ளுக்காரர் அதற்குள் ஸ்டாண்டை நிறுத்தி, காமிராவை மூட்டத்துக்கு ஏற்றபடி திருகி வைத்துவிட்டு, சூரியனைத் திட்ட ஆரம்பித்தார். லயத்துச் சனம் முழுவதும் கூடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவும் அவரோடு சேர்ந்து திட்டினார். அவர் திட்டியது இன்னும் நன்றாக இருந்தது.

பத்து மணிக்கு மேல் மூட்டம் பிய்ந்து வெயில் விழுந்தது. "அம்மாவுக்குப் பன்னெண்டு!" என்று முள்ளுக்காரர் கத்தினார். அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அதற்குள் ஒரு மேகம் வந்து மறைத்தது. "இப்ப எட்டுங்க."

"அதுக்குள்ள எப்புடிங்க கொறையும்?"

"ஒங்க மொகமாங்க கொறைஞ்சுச்சு? வெயிலு கொறைஞ்சுச்சு."

அந்த அம்மா அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். மேகம் விலகியது. முள்ளுக்காரர் என்னை வெயிலில் நிற்கவைத்து, அந்த அம்மாவைக் கூரை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பதினொன்று. அவருக்கு ஐந்து. பக்கத்து வீட்டு மொட்டைக் கறுப்பு ஆடு வெயிலில் அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் முகத்துக்கு நேராகவும் பிடித்தார். பத்து.

"ஆட்டுக்குப் பத்தா! எனக்கு அஞ்சா!" என்றார் அந்த அம்மா.

சிவலிங்கம் எங்கேயாவது ஓடிவிடலாமா என்று பார்த்தார். அந்த அம்மா ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இந்தக் கருமத்துக்கா நான் ஒரு புள்ளைய வேணான்னேன்? இங்க குடுங்க அதை" என்று மீட்டரைப் பிடுங்கிக்கொண்டார். முள்ளுக்காரர் தப்பும் வாச்சரும் சுற்று ரோடுமாக அவருக்கு முழுக் கதையையும் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியை உள்ளங்கையால் மூடினார், முள் படுத்தது. கையை எடுத்தார், எழுந்தது. மூடினார், எடுத்தார். "அடியாத்தி! தூங்குறாங்க, எந்திரிக்கிறாங்க! தூங்குறாங்க, எந்திரிக்கிறாங்க!" முப்பது வருஷம் தப்புச் சத்தத்துக்கு எழுந்து மலைக்குப் போன பெண்பிள்ளைக்கு, வெயிலில் நின்றுகொண்டு மற்றவர்களை எழுப்புவது அவ்வளவு பிடித்துவிட்டது.

தரகர் பக்கத்தில் வந்து, "அப்ப அந்தப் பதிமூணு பொண்ணு வீட்டுக்கு என்னன்னு சொல்றதுங்க?" என்று மெல்லக் கேட்டார். அந்த அம்மா மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "மருமகளே, இந்தக் குடைக்காரருக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பு. பேசிப் பேசித் தொண்ட காஞ்சிருக்கும்" என்றார்.

மருமகளே என்று கூப்பிட்டது என்னைத்தான் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அப்பா கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். முள்ளுக்காரர் பெண் வீட்டுத் தாய்மாமன் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு, "நில்லுங்க, நில்லுங்க, எல்லாரும் சேந்து நில்லுங்க!" என்று காமிராவிடம் ஓடினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டு வெளியே வந்து மூக்கை உறிஞ்சினார், மறுபடி உள்ளே போனார். நாங்கள் நின்றோம். படம் எடுத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துப் படத்தோடு வந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. மூட்டத்துக்குத் திருகி வைத்த காமிராவை மாற்றாமல் பளீர் வெயிலில் எடுத்திருக்கிறார். மீட்டரோ என் மாமியார் கையில் இருந்தது. படத்தில் எல்லாரும் வெள்ளை வெளேரென்று இருந்தோம். என் மூக்கு எது, சிவலிங்கத்தின் காது எது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆடுகூட வெள்ளை.

"இத கிழிச்சுப் போட்டுட்டு வேற எடுத்துருவம் டீச்சர். இந்தப் பெட்டி கைக்கு வந்த நாள்லருந்து முள்ளப் பாக்காம நான் எடுத்ததே இல்ல" என்றார். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் மாமியார் கிழிக்க விடவில்லை. பொகவந்தலாவையில் அவருடைய காம்பரா சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதுதான் மாட்டியிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம், "பாருங்க, எங்க குடும்பத்துல எல்லாரும் ஒரே நெறம்" என்பார். இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பார்த்துவிட்டு, இவ்வளவு மோசமாகப் படம் எடுக்கத் தெரியாதவர் யார் பாட்டி என்று கேட்கிறார்கள்.

எடுக்கத் தெரியாதவர் இல்லை கண்ணுகளா. எனக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில், அந்த மனிதர் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வெளிச்சத்தையே மறந்துவிட்டார்.